அய்யனாருக்கு எதற்குக் கூரை?

அய்யனார் கோயில் காட்டில் காய்ந்து விழுந்த சுள்ளியைக்கூடப் பல ஊர்களில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். பொங்கல் வைக்க அங்கேயே பொறுக்கி அங்கேயே எரிக்கலாம். வீட்டு அடுப்புக்கென்று கட்டித் தூக்கினால் சாமி குத்தம். எனக்கும் சின்ன வயதில் அந்தப் பயம் இருந்தது. இன்றும் அதை நான் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட மாட்டேன். எடுக்காமல் விட்ட சுள்ளி கறையானுக்கு இரையாகி, மக்கி, மண்ணாகிறது. அந்த மண்தான் மழையைக் குடித்து வைத்துக்கொள்கிறது.

சோழமண்டலக் கரையோரம் ஒரு காலத்தில் காயாவும் வீரையும் உலக்கைப்பாலையும் அடர்ந்த, கோடையிலும் பசுமை மாறாத காடு பரவியிருந்தது. உழவுக்கும் விறகுக்கும் பிறகு சவுக்குக்கும் தைலமரத்துக்கும் அது இடம் விட்டுவிட்டது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயிலில் இருப்பதைப்போல, சாமிக்கென்று விட்ட துண்டு நிலங்களில்தான் அந்தக் காடு பெரும்பாலும் மிஞ்சியிருக்கிறது.

அந்தத் துண்டுகளும் இப்போது சுருங்குகின்றன. பக்தி குறைந்ததால் அல்ல. கையில் காசு சேர்ந்ததும் சாமிக்கு நல்லது செய்ய ஆசைப்படுகிறோம். மரத்தடியில் வெயிலும் மழையும் வாங்கிய சாமிக்கு மண்டபம் எழும்புகிறது. மண்டபத்துக்கு முன்னால் தகரக் கொட்டகை, தரைக்குப் பேவர் பிளாக், கார் நிறுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் சில மரங்கள் போகின்றன. மரமே கோயிலாக இருந்தவரை அதைத் தொட அஞ்சினோம். கட்டடம் கோயிலானதும் மரம் இடைஞ்சலாகிவிட்டது.

அய்யனாருக்கு நேர்ந்துவிடும் குதிரைகளும் மாறிவிட்டன. புரவியெடுப்புத் திருவிழாவுக்குக் குயவர்களான வேளார் செய்யும் சுடுமண் குதிரைக்குக் கண்மாய் மண் வேண்டும்; அதனால் கண்மாயும் நன்றாக இருக்க வேண்டும். சிமெண்ட் குதிரைக்கு ஊரின் மண்ணும் வேண்டாம், கண்மாயும் வேண்டாம்.

திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியின் வீரகோயில் காட்டை அரசு 2025இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. ஏறத்தாழ 5 ஹெக்டேர்தான். மகிழ்ச்சியான செய்தி, ஆனால் எல்லா ஊர்க் காட்டுக்கும் அரசாணை வரும்வரை காத்திருக்க முடியாது. முடிவெடுக்க வேண்டியவர்கள் வரி போட்டுக் கும்பிடும் ஊர்க்காரர்களான நாம்தான். அடுத்த கும்பாபிஷேகக் கணக்கில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கவும், வீரைக்கன்று வளர்க்கவும், ஊருணியைத் தூர்வாரவும் ஒரு பங்கு ஒதுக்குவோம். அய்யனாருக்கு அதுவும் திருப்பணிதான்.