அஞ்சறைப் பெட்டியும் பரண்மேல் அண்டாவும்

நடைப்பயிற்சி நண்பர்கள் சிலர், "கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல அப்படி என்னதான் சார் பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்று கேட்பதுண்டு. நாங்கள் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தோம் என்பதைத் தவிர மற்ற பிரிவினருக்கு எங்களைப் பற்றி அதிகம் தெரியாது. அவர்களுக்காக ஒரே ஒரு சங்கதியை எழுதுகிறேன்.

1996 வாக்கில் எங்கள் அலுவலகத்தில் ஆரக்கிள் 7 ஓடிக்கொண்டிருந்தது. தரவுத்தளம் என்றால் வெறும் கணக்குப் பேரேடு என்று நினைத்துவிடக் கூடாது. பேரேட்டைப் புரட்டிக் கணக்குப் போடும் நிரல்களையும் அதற்குள்ளேயே வைக்கலாம். 1992-இல் வந்த அந்த 7-ஆம் பதிப்பில்தான் ஆரக்கிளில் இந்த வசதி வந்தது. நிரல் தூங்குவது வட்டில். யாராவது கூப்பிட்டால் அதை எழுப்பி நினைவகத்துக்குக் கொண்டுவந்து ஓட்டும். வேலை முடிந்ததும் உடனே தூக்கி எறியாது, அடுத்தவரும் அதையே கேட்கக்கூடும் என்று அங்கேயே விட்டுவைக்கும். அந்த இடத்துக்கு ஷேர்டு பூல் என்று பெயர்.

வீட்டு அஞ்சறைப் பெட்டி மாதிரிதான். கடுகும் சீரகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இடம் போதாவிட்டால், வெகுநேரமாக யாரும் தொடாததை வெளியே தள்ளிவிட்டுப் புதியதை வைக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தினமும் நூறு முறை ஓடும் சின்ன நிரல்களுக்கு இதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

சிக்கல் வந்தது எங்கள் ஓய்வூதிய நிரலுக்கு. அது பரண்மேல் கிடக்கும் அண்டா. மாதத்தில் ஒரு நாள்தான் இறங்கும், ஆனால் அன்றைக்கு அது இல்லாமல் பந்தி நடக்காது. அதுவோ பெரிய பேக்கேஜ். அந்தக் காலத்து ஆரம்பப் பதிப்புகளில் இவ்வளவு பெரிய நிரல் உட்கார, நினைவகத்தில் ஒரே தொடர்ச்சியாக இடம் வேண்டும். இங்கே ஒரு சாண், அங்கே ஒரு சாண் என்று மொத்தத்தில் ஏராளமாக இடம் இருந்தாலும் அண்டாவை வைக்க முடியாதல்லவா? 4031 என்ற எண்ணோடு ஒரு பிழைச் செய்தி வரும். வேலை அப்படியே நின்றுவிடும்.

இடத்தை அப்படிக் குப்பையாக்கியது வெளியிலிருந்து வாங்கிய இன்னொரு நிரல். தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி கேட்டால், முன்பு இதே கேள்வி வந்ததா என்று அது நினைவகத்தில் தேடிப் பார்க்கும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் பழையதை எடுத்துக்கொள்ளும். ஒரு இடைவெளி கூடினாலும், சின்ன எழுத்து பெரிய எழுத்தானாலும் வேறு கேள்விதான். அந்த நிரல் ஒவ்வொரு ஓய்வூதியரின் எண்ணையும் கேள்விக்குள்ளேயே எழுதி அனுப்பியது. 12,000 பேர், 12,000 புதுக் கேள்விகள். ஒவ்வொன்றையும் முதலிலிருந்து அலசி, திட்டம் போட்டு, நினைவகத்தில் வைக்கும். இரண்டாம் முறை ஒருவரும் கேட்கமாட்டார்கள். எண்ணுக்குப் பதிலாக ஒரு காலி இடத்தை விட்டு, எண்ணைத் தனியாகக் கொடுத்திருந்தால் 12,000 பேருக்கும் ஒரே கேள்வி போதும்.

அன்றைக்கு வழக்கமான வைத்தியம், இயந்திரத்தை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்புவது. நினைவகம் துடைத்தாற்போல் ஆகிவிடும், வேலையும் ஓடிவிடும். அதனாலேயே யாரும் காரணத்தைத் தேடவில்லை. ஆனால் பட்டியல் வங்கிகளுக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் 1-ஆம் தேதி காலை வாசலில் யார் நிற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மருந்துச் சீட்டை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள். அவர்களிடம் போய் ஷேர்டு பூல் என்று சொல்ல முடியுமா?

எங்களுடன் இருந்த ஓர் இளைஞர்தான் கையேட்டைப் புரட்டி வழியைக் கண்டார். "சார், இதை வெளியே தள்ளாதேன்னு நாமளே சொல்லி வைக்கலாம் சார்" என்றார். கீப் என்றொரு கட்டளை. அதற்கான பேக்கேஜைத் தனியாக ஒரு கோப்பை ஓட்டி நிறுவ வேண்டியிருந்தது. நிறுவிவிட்டால், பெயர் சொன்ன நிரல் எவ்வளவு நெருக்கடி வந்தாலும் நினைவகத்தை விட்டு நகராது. ஒரே நிபந்தனை, இயந்திரத்தை நிறுத்திக் கிளப்பினால் அது மறந்துவிடும். மறுபடி சொல்ல வேண்டும். அதுவும் யாரும் உள்ளே நுழைவதற்கு முன், இடம் காலியாக இருக்கும்போதே. மின்வெட்டுக்குப் பெயர்போன ஊர் எங்களுடையது. ஆகவே இயந்திரம் கிளம்பும்போது தானாக ஓடும் கோப்பிலேயே நான்கு வரிகளைச் சேர்த்தோம்.

அந்த மாதம் பட்டியல் இரவு பதினொன்றரைக்கு முடிந்தது. கேன்டீன் மூடியிருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய் டீ குடித்தோம்.

கேள்வி கேட்கும் முறையை நிரல் விற்றவர்கள் திருத்தித் தர மேலும் ஒன்பது மாதம் ஆனது. பின்னால் வந்த பதிப்புகளில் பெரிய நிரலைத் துண்டு துண்டாக வைத்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற நாளிலும் அந்த நான்கு வரிகள் கோப்பில் இருந்தன. அவசியமில்லைதான். எடுத்துவிடுங்கள் என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.