லாஸ் ஏன் ஜீரோ ஆகலை, மிஸ்?

சிஇடி நுழைவுத் தேர்வு ரேங்க் வந்துவிட்டால் பெங்களூரு அல்சூரில் கணக்கு டியூஷன் எடுப்பவர்களுக்கு ஜோசியர் வேலையும் வந்து சேரும். ஜாதகக் கட்டுக்குப் பதில் ஆப்ஷன் என்ட்ரி பட்டியலோடு அம்மாக்கள் வருவார்கள். பஜார் வீதியில் காய் வாங்கிய கையோடு மாடியேறி வருகிறவர்கள் சிலர். பிள்ளையையும் இழுத்துவந்து உட்கார வைக்கிறவர்கள் சிலர். பட்டியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கும். அதன் கீழே கம்ப்யூட்டர் சயின்ஸ், அடைப்புக்குறிக்குள் ஏஐ அண்ட் எம்எல். அதற்கும் கீழே அடைப்புக்குறி இல்லாத ஏஐ அண்ட் எம்எல். பிறகு ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ். மறுபடியும் கம்ப்யூட்டர் சயின்ஸ், இந்தத் தரம் அடைப்புக்குறிக்குள் டேட்டா சயின்ஸ். "இதுல எது மிஸ் நல்லது?"

முதல் வருஷம் எல்லாம் ஒன்றுதான். விடியூ பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பாதிப் பேருக்கு முதல் செமஸ்டர் பிசிக்ஸ் சைக்கிள், மீதிப் பேருக்குக் கெமிஸ்ட்ரி சைக்கிள். அடுத்த செமஸ்டரில் மாற்றிக்கொள்வார்கள். செயற்கை நுண்ணறிவு படிக்கப் போன பெண் கெமிஸ்ட்ரி லேப் ரெக்கார்டும் கன்னடப் பாடமுமாகத் திரும்பி வருவாள். மூன்றாம் செமஸ்டரில் ப்ராபபிலிட்டியும் மார்கோவ் செயினும் வரும்போதுதான் நோட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவார்கள்.

இந்தத் தெருக்களில் ஒரு தலைமுறைக்கு முன்னால் ஐடிஐ, எச்ஏஎல், பிஇஎல் என்று ஏதாவது ஒரு மூன்றெழுத்துக் கம்பெனியில் வேலை கிடைத்தால் கல்யாணம் நிச்சயம். அதற்குப் பிறகு எலெக்ட்ரானிக்ஸ், அப்புறம் கம்ப்யூட்டர். இப்போது இரண்டெழுத்து. ஏஐ என்ற பெயரிலேயே பி.டெக். படிப்பை நம் நாட்டில் முதலில் தொடங்கியது ஹைதராபாத் ஐஐடி, 2019-இல். அடுத்த ஒன்றிரண்டு வருஷங்களில் தனியார் கல்லூரிகள் எல்லாவற்றிலும் பெயர்ப்பலகை மாறிவிட்டது. 2020-இல் சென்னை ஐஐடி ஆன்லைனில் ஒரு டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. ஜேஇஇ வேண்டாம், வயது வரம்பும் இல்லை. பகலில் பி.காம். வகுப்பு, ராத்திரி பைத்தான் என்று ஓடுகிற பிள்ளைகள் எங்கள் பக்கத்திலும் உண்டு.

பெயரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்களிடம் நான் இரண்டு பேரைச் சொல்வேன். ஒருவர் ராஜ் ரெட்டி. 1958-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சிவில் இன்ஜினீயரிங் முடித்தவர். ஸ்டான்ஃபோர்டில் ஜான் மெக்கார்த்தியிடம் ஆராய்ச்சி செய்து, 1994-இல் செயற்கை நுண்ணறிவுக்காக டூரிங் விருது வாங்கினார். இன்னொருவர் வி. ராஜாராமன், 1933-இல் ஈரோட்டில் பிறந்தவர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் டாடா இன்ஸ்டிட்யூட் என்றே சொல்லும் ஐஐஎஸ்சி-யில் படித்தவர். 1965-இல் கான்பூர் ஐஐடியில் எம்.டெக்.குக்குள் கம்ப்யூட்டர் சயின்ஸை ஒரு பிரிவாகக் கொண்டுவந்தவர். நாடு முழுக்கப் பிள்ளைகள் அவருடைய மலிவுப் பதிப்புப் புத்தகங்களில்தான் புரோகிராமிங் கற்றார்கள். அவர் படித்த காலத்தில் அந்தப் பெயரில் பட்டமே கிடையாது. இதைச் சொன்னால் அம்மாக்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "அது சரி மிஸ், எது எடுக்கறது?" என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கட்டப்போவது லட்சங்களில்.

உண்மையில் இந்தப் படிப்பில் பிள்ளைகளைத் தடுக்கி விழவைக்கிற இடம் வேறு. போன வருஷம் ஐந்தாம் செமஸ்டர் பெண் ஒருத்தி பேக்ப்ராபகேஷன் கணக்கைக் கையால் போட்டுக் காட்டும்படி கேட்டாள். ஆகச் சிறிய உதாரணமாக எடுத்தோம். ஒரே ஒரு நியூரான். உள்ளே வருவது 1, வெயிட் 1. சிக்மாய்டில் போட்டால் வெளியே 0.731. வரவேண்டிய விடை 1. பிழை 0.269, அதை வர்க்கமாக்கிப் பாதியாக்கினால் லாஸ் 0.036. இனி செயின் ரூல். பியூசி-யில் டிஃபரன்ஸியேஷன் என்று மனப்பாடம் செய்தது இங்கே வந்து நிற்கிறது. கிரேடியன்ட் மைனஸ் 0.053. லேர்னிங் ரேட் 0.5 என்று வைத்துக்கொண்டால் புது வெயிட் 1.026. மறுபடி சிக்மாய்டு. வெளியே 0.736.

அரைப் பக்கத்துக்குக் கணக்கு போட்டு 0.731 என்பது 0.736 ஆகியிருந்தது. "இவ்ளோதானா மிஸ்?" என்றாள். இவ்வளவுதான். இதையே ஆயிரம் தரம், லட்சம் தரம், ஒரு வெயிட்டுக்குப் பதிலாகக் கோடிக்கணக்கான வெயிட்டுகளுக்குச் செய்தால் அதற்குப் பெயர்தான் மெஷின் கற்றுக்கொள்வது.

அவள் வீட்டுக்குப் போய் அதையே பைத்தானில் ஓட விட்டிருக்கிறாள். மறுநாள் மாலை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். "பத்தாயிரம் தரம் ஓடிடுச்சு. லாஸ் ஜீரோ ஆகலை மிஸ். எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன்."

தப்பே இல்லை. சிக்மாய்டு 1-ஐ நெருங்கிக்கொண்டே போகும்; எட்டவே எட்டாது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது தப்பாகத்தான் பட்டது. படாமல் எப்படி இருக்கும்? பள்ளிக்கூடம் தொட்டு அவள் போட்ட கணக்குக்கெல்லாம் புத்தகத்தின் கடைசியில் விடை அச்சாகியிருந்தது. சிஇடியில் 180 கேள்வி. நாலில் ஒன்று சரி, மூன்று தப்பு. நெகட்டிவ் மார்க் இல்லாததால் தெரியாததற்கும் எதையாவது ஷேட் செய்துவிட்டு வரலாம். நானும்தான் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து டிக், இன்ட்டு போட்டே பழக்கியிருக்கிறேன். சாதாரண கம்ப்யூட்டர் படிப்பிலும் இதே புத்தி செல்லும். சார்ட்டிங் புரோகிராம் எழுதினால் எண்கள் வரிசையில் வந்தாக வேண்டும். ஏஐ படிப்பு அந்தப் பிள்ளையிடம் வந்து வேறு கேள்வி கேட்கிறது: எவ்வளவு தப்பு? எந்தப் பக்கம் தப்பு? யார் தலையில் விடிகிற தப்பு? இன்னும் ஒரு படி மேலே, பயிற்சித் தரவில் தப்பே இல்லை என்று மாடல் சொன்னால் சந்தேகப்படு என்கிறது. மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கும். அதை ஓவர்ஃபிட்டிங் என்பார்கள். பிள்ளைகளுக்கு இது மட்டும் விளக்காமலே புரிந்துவிடும்.

விழுக்காட்டின் மேலுள்ள ஆசை போவதற்குத்தான் நாளாகும். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு வியாதி. யாருக்குமே வியாதி இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மாடலின் அக்யூரசி 99 சதம். கண்டுபிடித்த நோயாளி பூஜ்யம். ப்ரெசிஷன், ரீகால் என்று தேர்வில் சூத்திரம் எழுதிப் பத்து மார்க் வாங்கிவிடுவார்கள். அந்தப் பத்துப் பேர் யார் என்று யோசிப்பதற்கு மார்க் கிடையாது.

அதே பெண் ஆறாம் செமஸ்டரில் மினி புராஜெக்ட்டுக்கு என்ன செய்யலாம் என்று வந்தாள். லேபில் எல்லாரும் ஐரிஸ் பூதான் செய்வார்கள். 1936-இல் ரொனால்ட் ஃபிஷர் வெளியிட்ட அட்டவணை அது. எட்கர் ஆண்டர்சன் சேகரித்த அளவுகள். மூன்று வகை, வகைக்கு 50 பூ, ஒவ்வொன்றுக்கும் புறவிதழ், அகவிதழின் நீளமும் அகலமும். ஏறக்குறைய 90 வருஷமாக அந்த 150 பூவும் வாடாமல் இருக்கின்றன. நம் பிள்ளைகளில் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ. சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூக்கடை இருக்கும்போது வெளிநாட்டுப் பூ எதற்கு என்று கேட்டேன். போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். மூன்று ஃபோல்டர்: மல்லி, காக்கடா, கனகாம்பரம்.

கனகாம்பரம் சுலபம், நிறமே காட்டிக்கொடுத்துவிடும். ஐரிஸிலும் செட்டோசா என்கிற வகை அப்படித் தனியாகப் பிரிந்துகொள்ளும். மற்ற இரண்டும்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இங்கே மல்லியும் காக்கடாவும். இரண்டும் வெள்ளை, இரண்டும் மொட்டு. மல்லி கொஞ்சம் உருண்டை, காக்கடா கொஞ்சம் நீட்டு. காலையில் எடுத்த படங்களில் மாடல் நன்றாகவே சொன்னது. சாயங்காலம் கடை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்ததில் தடுமாறியது. அதைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது பூக்கார அம்மா. ஒரு சரத்தைப் படம் எடுத்துவிட்டு, "இது மல்லியா, காக்கடாவா அக்கா?" என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"ரெண்டும் சேத்துக் கட்டினது கண்ணு. மல்லி வெலை ஏறிப்போச்சுன்னா இப்படித்தான். ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னா என்னன்னு சொல்றது?"

அன்று மாலை என் முன்னால் போனை நீட்டி, "மிஸ், இதை எந்த ஃபோல்டர்ல போடறது?" என்றாள். மாடலைக் கேட்பதற்கு முன்னால் மனுஷருக்கே விடை தெரிய வேண்டும் என்பது அந்தக் கேள்வியில்தான் அவளுக்கு உறைத்தது.

இது பூவோடு நிற்கிற விவகாரம் இல்லை. நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்து கண்டுபிடிக்கும் கூகுள் ஆய்வு 2016-இல் ஜாமா இதழில் வந்தது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, இந்த ஊர் நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. பயிற்சிக்கு ஒரு லட்சத்து 28 ஆயிரம் படங்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு டாக்டர்கள் பார்த்துத் தரம் போட்டார்கள். மொத்தம் 54 டாக்டர்கள். ஒருவர் பார்த்தால் போதாதா? போதாது. டாக்டர்களுக்குள்ளேயே ஒரே படத்துக்கு ஒரே விடை வராது. பிறகு தாய்லாந்துக் கிளினிக்குகளில் அதைக் கொண்டுபோய் வைத்தபோது, ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தரம் போதவில்லை என்று மெஷின் தள்ளிவிட்டது. அங்கேயும் வெளிச்சம் ஒரு காரணம். சாயங்காலப் பூக்கடைப் படங்களோடு இந்தப் பெண் பட்ட பாட்டை அங்கே நர்சுகள் பட்டிருக்கிறார்கள்.

தப்பு எல்லார் மேலும் சமமாக விழுவதில்லை என்பதற்கு எங்கள் தெருவே போதும். ஆட்டோவில் ஏறினால், "அண்ணா, சிக்னல் ஹத்ர லெஃப்ட்ல நிறுத்துங்க" என்போம். அதில் தமிழ் எது, கன்னடம் எது, ஆங்கிலம் எது என்று டிரைவர் யோசிக்க மாட்டார். பேச்சை எழுத்தாக்கும் மெஷின் யோசிக்கும். யோசித்து வேறு எதையோ எழுதும். எழுத்திலும் நமக்குச் செலவு அதிகம். அல்சூர் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் யூடிஎஃப்-8 முறையில் ஆறு எழுத்து, ஆறு பைட். தமிழில் நாம் எண்ணினால் நாலே எழுத்து. கம்ப்யூட்டர் புள்ளியையும் ஊகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணி 21 பைட் என்னும். மெஷினுக்கு நம் மொழி புரியாத குறையைத் தீர்க்கச் சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குத் தரவு சேர்க்கிறது. அக்குழுவைச் சேர்ந்த மிதேஷ் காப்ரா எடுத்த டீப் லேர்னிங் பாடமும், டூரிங் விருது பெற்ற ஆண்ட்ரூ பார்ட்டோவிடம் ஆராய்ச்சி செய்த பி. ரவீந்திரன் எடுத்த ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் பாடமும் என்பிடெல் இணையதளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கல்லூரியின் பெயருக்கு லட்சம் கொடுக்கும் குடும்பங்களுக்கு இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு லேப் ரெக்கார்டுகள் அழகாகிவிட்டன. கமென்ட், மார்ஜின், முடிவுரை எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். வைவாவில் "இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் பிள்ளை கூரையைப் பார்க்கும். எனக்கு இதில் ஒழுக்கப் பிரசங்கம் செய்ய ஆசையில்லை. சரியாக இருப்பதைப் போலவே தெரிகிற விடையில் எவ்வளவு தப்பு இருக்கிறது என்று பார்க்கத்தானே இந்தப் படிப்பு? அந்தப் பயிற்சிக்கென்று கொடுத்த கணக்கையே மெஷினிடம் தள்ளிவிட்டால், நாளைக்கு அது சொல்வதைச் சரிபார்க்க ஆள் வேண்டுமே. 0.731 எப்படி 0.736 ஆனது என்று ஒரு தரமாவது கையால் போட்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் தானாக வருகிறது. கையால் போடாதவர்களுக்கும் வரலாம். என்னிடம் வந்தவர்களில் நான் அதிகம் பார்க்கவில்லை.

பூ புராஜெக்ட்டுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கலந்து கட்டிய சரங்களுக்கு நாலாவதாக ஒரு ஃபோல்டர் திறந்தாள். ரிப்போர்ட்டில் காலைப் படங்களுக்கு ஒரு அக்யூரசி, சாயங்காலப் படங்களுக்கு ஒன்று என்று பிரித்தே போட்டாள். அப்ஸ்ட்ராக்ட்டில் ஒரு எண் போதுமே, அதுவும் பெரிய எண்ணாகப் போட்டால் எடுப்பாக இருக்குமே என்று கைடு கேட்டிருக்கிறார். இவள் இரண்டையும் போட்டு, தப்பாய்ப் போன படங்களை வரிசையாக ஒட்டி ஒரு பக்கமும் சேர்த்தாள். மார்க் ஒன்றும் குறையவில்லை. கலர் பிரின்ட்டுக்கு மட்டும் கொஞ்சம் காசு கூடிவிட்டது என்று அவள் அம்மா வந்து என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.