ஆர்ல் நகரத்து நாணல்

தென் பிரான்ஸில், ரோன் நதி இரு கிளைகளாகப் பிரிந்து சமுத்திரத்தை நோக்கிச் செல்லத் தொடங்கும் இடத்துக்கு அருகே அமைந்திருக்கும் ஆர்ல் என்னும் புராதன நகரத்தில், சித்திரம் எழுதுவதே காரியமாக ஒரு மாடி அறையில் தங்கியிருக்கிறேன். காலையில் கண் விழித்ததும் ஜன்னலின் மரக்கதவு அடித்துக்கொள்கிறதா என்று கவனிப்பேன். அடித்துக்கொண்டால் மிஸ்ட்ரால் என்னும் காற்று வந்துவிட்டது என்று அர்த்தம். அன்று வர்ணப் பெட்டியை அறையிலேயே வைத்துவிட்டு, மைக்குப்பியும் நாணற்பேனாக்களும் மட்டும் எடுத்துக்கொண்டு புறப்படுவேன். தாளில் பூசிய நீர்வர்ணம் பரவுவதற்கு முன்பே அந்தக் காற்றில் உலர்ந்துபோகும்.

ரோன் பள்ளத்தாக்கின் வழியே வடக்கிலிருந்து பாய்ந்து வரும் இக்காற்று குளிர்ந்தது, ஈரமற்றது. இதற்கு அஞ்சியே இப்பிரதேசத்துக் குடியானவர்கள் வயலோரங்களில் ஸைப்ரஸ் மரங்களை வரிசையாக வளர்த்திருக்கிறார்கள். பழைய பண்ணை வீடுகளும் வடபுறத்தில் ஜன்னல் வைக்காமல் அந்தத் திசைக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. ஆயினும் மேகத்தையும் தூசியையும் ஒருங்கே துடைத்துவிட்டு, தொலைவிலுள்ள அல்பீய் குன்றுகளைக் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தும் தெளிவு மிஸ்ட்ரால் வீசும் நாளில்தான் வாய்க்கிறது. 1888 பிப்ரவரியில் பனி மூடிக் கிடந்த இந்நகரத்துக்கு வந்து, மறு ஆண்டு மே மாதம்வரை தங்கியிருந்த வின்ஸென்ட் வான் கோ, 50 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பு முளைகளைப் படந்தாங்கியின் கால்களுக்குப் பக்கத்தில் அடித்து, அவற்றோடு அதைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, இக்காற்றில் நின்றே வர்ணம் தீட்டினார் என்பதை அவருடைய கடிதங்களால் அறிகிறோம்.

ஆனால் எனக்கு அவரிடம் பக்தியை உண்டாக்கியவை, தைலவர்ணப் படங்களைக் காட்டிலும் அந்த வருஷத்து நாணற்பேனாச் சித்திரங்களே. கால்வாய்க் கரைகளில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும் நாணலில் முற்றின தண்டாகப் பார்த்து அறுத்து, நுனியைச் சாய்வாகச் சீவி, நடுவே மெல்லிய பிளவு ஒன்று கீறிவிட்டால் பேனா தயார். இரும்பு நிப்பைப்போல் இது மையைத் தேக்கி வைத்துக்கொள்ளாது. முதற்கோடு கறுத்துத் தடித்து விழும், அடுத்தது மெலியும், அதற்கடுத்தது தாளின் சொரசொரப்புத் தெரியும்படி வறண்டுபோகும், மறுபடியும் குப்பிக்குப் போக வேண்டியதுதான். ஆகவே நீண்ட கோட்டை மறந்து, குறுங்கோடும் புள்ளியும் வளைவுமாகவே புல்லையும் பாறையையும் திராட்சைத் தோட்டத்தையும் எழுதப் பழக வேண்டும். வான் கோவின் குறுங்கோடுகளை மனக்கொந்தளிப்பின் அடையாளமாகவே பேசுகிறவர்கள் இந்த நாணலை ஒருமுறை கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஜப்பானியச் சித்திரங்களில் அவருக்கிருந்த மோகமும், இந்தக் கரையில் முளைத்த தண்டும் சேர்ந்தல்லவா அக்கோடுகளைப் பிறப்பித்தன!

நடுப்பகலில் கடைகளை அடைத்துவிடுகிறார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு ரோமானியர் கட்டிய அரங்கத்தின் வளைவுகளுக்குள் நிழலைத் தேடி உட்காருவேன். சனிக்கிழமையானால் சந்தை, ஆலிவ் பாத்திரங்களுக்குப் பின்னால் நிற்கும் கிழவிகளின் கைகள் எழுதத் தகுந்தவை.

வெயில் சாயும்போது ஊருக்கு வடகிழக்கே உள்ள மோன்மஜூர் மடாலயக் குன்றுக்குப் போகிறேன். 1888 ஜூலையில், க்ரோ சமவெளி முழுவதையும் வான் கோ பெரிய தாள்களில் எழுதியது இங்கிருந்துதான். அக்காலத்துச் சித்திரங்கள் பலவற்றில் மை மங்கிப் பழுப்பேறிவிட்டது என்பதை நினைக்கையில் வேதனையாக இருக்கிறது. அதனால் நான் விளக்குக் கரியால் செய்த மையையே உபயோகிக்கிறேன். அது நாணலில் சற்றுத் தயங்கித்தான் இறங்குகிறது, நுனியில் காய்ந்து அடைத்துக்கொள்வதால் பேனாவை அடிக்கடி கழுவ வேண்டியும் இருக்கிறது. ஆனால் எந்த வெயிலும் அதை வெளுக்காது.