ஜெர்மன் வேலை

என் அப்பா இதுவரை ஒரு பி.எம்.டபிள்யூ காரில் உட்கார்ந்ததில்லை. ஆனால் ஒரு பி.எம்.டபிள்யூ எஞ்சினைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

2018இல் அந்த நிறுவனத்தின் சென்னை ஆலை ஒரு திட்டம் தொடங்கியது. நாடு முழுவதும் உள்ள பொறியியல், தொழில்நுட்பக் கல்வி நிலையங்களுக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் இலவசமாகக் கொடுப்பார்கள், மாணவர்கள் பிரித்துப் போட்டுக் கற்றுக்கொள்ளலாம். நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்த இடத்துக்கும் ஒன்று வந்து சேர்ந்தது. பெற்றோரை அழைத்திருந்த ஒரு சனிக்கிழமை அப்பாவை லேபுக்குக் கூட்டிப்போனேன். அவர் எஞ்சினை உடனே தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கட்டைவிரலை வைத்து மெதுவாக ஓட்டினார். கோயிலில் மூலவரைத் தொட விட்டால் எப்படித் தொடுவாரோ அப்படி.

"பார்த்தியா? ஜெர்மன் வேலை" என்றார்.

அப்பா டர்னர். திருநின்றவூரிலிருந்து காலை ரயில் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் 31 வருஷம் வேலை பார்த்தவர். அங்கே முதலாளி பழசாக வாங்கிப் போட்ட ஒரு ஜெர்மன் லேத் இருந்தது. புது மெஷின்கள் வந்து, தேய்ந்து, காயலான் கடைக்குப் போயின. அது மட்டும் நின்றது. அதிலிருந்து அப்பாவுக்கு 'ஜெர்மன் வேலை' என்பது ஒரு அளவுகோல் ஆகிவிட்டது. அம்மா தோசை மொறுமொறுவென்று வார்த்தாலும் ஜெர்மன் வேலைதான். நான் பத்தாவதில் கணக்கில் 71 வாங்கியபோது, "இது ஜெர்மன் வேலை இல்லடா" என்றார்.

அன்றைக்கு லேபில் இருந்த சார், பி.எம்.டபிள்யூ சின்னத்தைக் காட்டி, "இது சுத்துற விமான ப்ரொப்பெல்லர். நீலம் வானம்" என்று விளக்கினார். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தெருவில் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பார்.

அது உண்மையில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. 1917இல் பதிவுசெய்யப்பட்ட அந்தச் சின்னத்தில் இருப்பது பவேரிய மாநிலத்தின் நிறங்களான வெள்ளையும் நீலமும். 1929இல் வந்த ஒரு விளம்பரத்தில் சுழலும் ப்ரொப்பெல்லருக்குள் சின்னத்தை வரைந்தார்கள். படம் அழகாக இருந்தது, கதை ஒட்டிக்கொண்டது. ஒரு கம்பெனியின் பேர் இப்படித்தான் வளர்கிறது. கொஞ்சம் அவர்கள் செய்கிறார்கள், மீதியை நாம் சேர்த்துக்கொள்கிறோம்.

ப்ரொப்பெல்லர் கதை பொய்யானாலும் விமானம் பொய்யில்லை. அந்த நிறுவனம் 1916இல் தொடங்கியதே விமானத் தொழிலில்தான். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்று, வெர்சாய் ஒப்பந்தம் விமான எஞ்சின் செய்யத் தடை போட்டதும், ரயிலுக்கு பிரேக் செய்து பிழைத்தார்கள். 1923இல் மோட்டார் சைக்கிள். 1928இல் ஐசனாக் என்ற ஊரிலிருந்த ஒரு கார் ஆலையை வாங்கினார்கள். அங்கே ஏற்கெனவே 'டிக்ஸி' என்ற சின்னக் கார் ஓடிக்கொண்டிருந்தது. அது இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன். லைசென்ஸ் வாங்கிச் செய்தது.

இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "பி.எம்.டபிள்யூவோட மொத காரே வெள்ளைக்காரன் காரா? நம்ம அம்பாசிடர் மாதிரி?"

ஆமாம், அம்பாசிடர் மாதிரியேதான். அது மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. ஒரு லைசென்ஸ் காரில் தொடங்கியவர்கள் அடுத்த ஐந்தாறு வருஷத்தில் சொந்தக் கார் வரைந்துவிட்டார்கள். நாம் அம்பாசிடரையே 2014 வரைக்கும் ஓட்டினோம். அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், எங்கள் ஊரிலிருந்து நாலு ஸ்டேஷன் தள்ளித் திருவள்ளூர் பக்கத்தில் ஆலை போட்டு, 1998இலிருந்து மிட்சுபிஷி லான்சர் செய்தது. மறுபடியும் இன்னொருவர் வரைந்த கார். அப்பாவின் சிநேகிதர்கள் சிலர் அங்கே போனார்கள். அப்பாவுக்கும் ஆசை இருந்தது, கிடைக்கவில்லை. "நம்ம கை யார் வரைஞ்சத குடுத்தாலும் செய்யும்டா. நம்மள வரையத்தான் விடல" என்பார்.

2007 மார்ச் 29இல் மறைமலைநகர் பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை திறந்தபோது நான் சின்னப் பையன். அப்பா பேப்பரில் வந்த படத்தைக் கத்தரித்து பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார். அங்கே நடப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் பாகங்களைப் பொருத்துவதுதான் என்று அவருக்குத் தெரியும். "பொருத்தறதும் கை வேலைதான?" என்றார். 2015இல் உள்ளூர்ப் பாகங்கள் 50 சதவீதம் வரை உயர்ந்தன. அதைக் காட்ட சச்சின் டெண்டுல்கர் ஆலைக்கு வந்து, பொறியாளர்களோடு நின்று கார் பூட்டிய படத்தையும் ஒட்டினார். சச்சினுக்காக இல்லை. பக்கத்தில் சீருடையில் நிற்பவர்களைக் காட்டி, "எல்லாம் நம்ம ஊர் மூஞ்சிங்க" என்றார்.

*

டிப்ளமோ முடித்து எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வில் வேலை கிடைத்தது. அவர்கள் பி.எம்.டபிள்யூவுக்குச் செய்வதில்லை. நெமிலிச்சேரியில் கம்பெனி பஸ் ஏறினால் வெளிவட்டச் சாலை வழியாக ஒரு தூக்கம் போடலாம். வாசலில் ஒரு பெரிய போர்டு இருக்கும். இத்தனை நாளாக வாடிக்கையாளரிடமிருந்து ஒரு ரிஜெக்ஷன்கூட இல்லை என்று அதில் எண் ஏறிக்கொண்டே போகும். அதுதான் எங்கள் பேர்.

போன வருஷம் ஒரு இரவு ஷிஃப்டில் பிரஸ் ஷாப்பிலிருந்து சத்தம் கேட்டது. ஒடிசாவிலிருந்து கான்ட்ராக்டில் வந்த பையன். 19 வயது இருக்கும். வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. சென்சார் வேலை செய்யவில்லை என்று அப்புறம் பேசிக்கொண்டார்கள். அவனை வண்டியில் ஏற்றினார்கள், தரையைக் கழுவினார்கள். 40 நிமிஷத்தில் லைன் ஓட ஆரம்பித்தது. அவன் கடைசியாக அடித்த பீஸ் டையிலேயே இருந்தது. சூப்பர்வைசர் அதைத் துடைத்து என் மேஜையில் வைத்தார். நான் அளந்தேன். எல்லா அளவும் சரியாக இருந்தது. ஓகே போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

மறுநாள் காலை வாசல் போர்டில் எண் ஒன்று கூடியிருந்தது.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் போனில் எதையாவது படித்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் பி.எம்.டபிள்யூவின் சரித்திரத்தில் நான் தாண்டிப் போயிருந்த வருஷங்களுக்கு வந்து சேர்ந்தேன்.

ம்யூனிக் நகருக்கு வெளியே ஆலாக் என்று ஓர் இடம். இரண்டாம் உலகப் போரில் பி.எம்.டபிள்யூ அங்கே விமான எஞ்சின் செய்தது. 801 என்று பெயர். 14 சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். ஃபோக்கவுல்ஃப் 190 போர்விமானத்தில் அது ஏறியது. 1941இல் அந்த விமானம் வானத்துக்கு வந்தபோது பிரிட்டிஷ் விமானிகள் திணறிப்போனார்கள். போர் நீண்டு, ஆட்கள் போதாமல் போனபோது அந்த ஆலையில் வேலை செய்தவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பிடித்து வரப்பட்டவர்கள். பல நாட்டுக்காரர்கள், போர்க்கைதிகள், டாகாவ் வதைமுகாமின் கைதிகள். 1943இல் ஆலைக்குப் பக்கத்திலேயே டாகாவின் கிளை முகாம் ஒன்றைப் போட்டார்கள். கைதிகளுக்கு அங்கே பேர் கிடையாது, எண்தான். பசியிலும் நோயிலும் அடியிலும் செத்தார்கள்.

போருக்குப் பிறகு விமான எஞ்சின் செய்ய மறுபடி தடை. கொஞ்ச காலம் அலுமினியச் சட்டி பானை செய்தார்கள். 1955இல் இத்தாலிக்காரர்களிடம் லைசென்ஸ் வாங்கி, முன்பக்கம் கதவு திறக்கும் முட்டை மாதிரியான இசெட்டாவைச் செய்தார்கள். 1959 டிசம்பர் 9இல் கம்பெனியை டெய்ம்லர்-பென்ஸிடம் கொடுத்துவிடுவது என்று பங்குதாரர் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. சிறு பங்குதாரர்களும் டீலர்களும் எதிர்த்து நின்று தடுத்தார்கள். பிறகு ஹெர்பர்ட் க்வாண்ட் பணம் போட்டுக் காப்பாற்றினார். 1961இல் காட்டிய 1500 மாடலிலிருந்து இன்றைக்கு நாம் அறிந்த பி.எம்.டபிள்யூ தொடங்குகிறது. மேலாண்மைப் பாடத்தில் சொல்லித் தருகிற, விழுந்து எழுந்த கதை இதுதான்.

அந்த க்வாண்ட் குடும்பத்தின் பேட்டரி ஆலைகளிலும் போர்க்காலத்தில் முகாம் கைதிகள் வேலை செய்தார்கள் என்பது கதையின் இன்னொரு பக்கம். 2007இல் ஓர் ஆவணப்படம் அதைக் கேட்டது. குடும்பம் ஒரு வரலாற்றாசிரியரை நியமித்தது, 2011இல் அவருடைய ஆய்வு வெளிவந்தது, நடந்ததை ஒப்புக்கொண்டார்கள். கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்காக 2000இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1000 கோடி மார்க்கில் அமைத்த நிதியில் பி.எம்.டபிள்யூவும் இருந்தது. 2016இல் நூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது. இதெல்லாம் நடந்தது, சொல்லத்தான் வேண்டும். எத்தனையோ கம்பெனிகள் இதைக்கூடச் செய்ததில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள்.

*

அப்பாவுக்குப் போன வருஷம் ஸ்டென்ட் வைத்தார்கள். அதிலிருந்து திங்கட்கிழமைகளில் இருதயாலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறோம். இதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ளும் கோயில். காசில்லாத பூசலார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். அதே நாளில் காஞ்சிபுரத்தில் பல்லவ ராஜா கல்லில் கட்டிய கோயிலுக்கும் குடமுழுக்கு. "நான் அன்றைக்குத் திருநின்றவூர் போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள்" என்று சிவன் ராஜாவின் கனவில் வந்து சொன்னார். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை.

அன்றைக்கு தரிசனம் முடித்து உட்கார்ந்திருந்தபோது ஆலாக்கைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவருடைய பீரோ கதவைக் காலி செய்யவேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ.

அப்பா முழுவதும் கேட்டார். கடைசியில், "அடிச்சு வேலை வாங்கினா டாலரன்ஸ் நிக்காதுடா. அந்த எஞ்சின் சரியா ஓடியிருக்காது" என்றார்.

"ஓடுச்சுப்பா. பறந்துச்சு."

அவர் பதில் பேசவில்லை. 31 வருஷம் அவர் நம்பியது ஒன்றைத்தான். நல்ல வேலை நல்ல மனசிலிருந்து வரும், பொருளைப் பார்த்தால் செய்தவன் தெரிவான். லேபில் அந்த எஞ்சினைத் துடைத்த கையால் தொட்டாரே, அந்த நம்பிக்கையில்தான். ஆனால் பொருள் சாட்சி சொல்லாது. சந்தோஷமாகச் செய்ததையும் சாவோடு செய்ததையும் மைக்ரோமீட்டர் ஒரே மாதிரிதான் காட்டும்.

அப்புறம் நான் அந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். வதைமுகாமையும் எங்கள் கம்பெனியையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே நடந்தது கொலை. எங்கள் பையன் சம்பளத்துக்கு வந்தவன், வேண்டாம் என்றால் போகலாம். போகலாமா என்பது வேறு விஷயம். நான் சொன்னது இரண்டையும் ஒப்பிட இல்லை. அந்தக் கையெழுத்தை யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

"பீஸு?" என்று கேட்டார் அப்பா.

"ஓகே போட்டேன்."

"அளவு சரியா இருந்தா ஓகேதான் போடணும்" என்றார். டர்னராகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மெஷின எழுதினியா?" என்றார்.

எழுதவில்லை. அது என் படிவத்தில் இல்லை. பீஸுக்கு 14 கட்டம் இருக்கிறது, கைக்கு ஒரு கட்டம் இல்லை.

"அந்தப் பையன் பேர் இன்னா?"

எனக்குத் தெரியவில்லை. டோக்கன் நம்பர் தெரியும்.

அப்பா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். சாமி சன்னதிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "காஞ்சிபுரத்துல கல்லு தூக்கினவன் பேரும் எவனுக்கும் தெரியாது" என்றார். என்னைத் திட்டினாரா, சமாதானம் சொன்னாரா என்று இன்னும் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை.

பீரோ கதவில் அந்தப் படங்கள் அப்படியே இருக்கின்றன. அவர் கிழிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. சச்சினுக்குப் பக்கத்தில் நிற்பவர்களின் படம் அது என்பதால் இருக்கலாம்.

மறுநாள் கான்ட்ராக்டரின் ஆபீசுக்குப் போய் அந்தப் பையனின் பேரைக் கேட்டேன். எதற்கு என்றார்கள். சும்மாதான் என்றேன். ரிஜிஸ்டரைப் புரட்டிச் சொன்னார்கள். ஊருக்குப் போய்விட்டான், திரும்பி வருவானா தெரியாது என்றார்கள். அந்த வாரமே, தர அறிக்கையின் கீழே குறிப்பு எழுத விட்டிருக்கும் இடத்தில், பிரஸ்ஸின் நம்பரையும் சென்சாரைப் பற்றியும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இன்னும் வேலையில் இருக்கிறேன். சென்சார் மாற்றிவிட்டார்கள். வாசல் போர்டில் எண் ஏறிக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்தே அப்பாவுக்கு போன் போட்டு அந்தப் பேரைச் சொன்னேன். ஒடியாப் பேர், முதல் தடவை அவருக்குப் பிடிபடவில்லை.

"திரும்பச் சொல்லு" என்றார். மெதுவாகத் திரும்பச் சொன்னேன்.