பண்டிகை இல்லாத வருஷம்

பண்டிகை நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகக் கூடாது என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இதற்குச் சாஸ்திரம் காரணமல்ல, சமையல்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். பண்டிகை என்றால் அடுப்பு. அடுப்பு என்றால் வீடு. ஓட்டலில் தங்கியிருப்பவன் புதுத் துணி உடுத்தலாம், கோயிலுக்குப் போகலாம். ஆனால் விடியற்காலையில் எண்ணெய் காயும் வாசனையில் அவனால் கண் விழிக்க முடியாது. குழந்தைகளுக்குப் பண்டிகை என்பது பெரும்பாலும் அந்த வாசனைதான்.

அந்த அடுப்பையே ஒரு வருஷம் அடக்கி வைக்கிற வழக்கமும் நம்மிடம் இருக்கிறது. வீட்டில் தாயோ தகப்பனோ இறந்தால், வருஷத் திதி முடிகிற வரையில் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏறாது. மார்கழியில் தெருவெல்லாம் கோலமாக இருக்கும்போது அந்த ஒரு வாசல் மட்டும் வெறுமையாக இருக்கும். இதைக் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. துக்கத்தில் இருப்பவனைப் பார்த்து, ‘ஏன் சிரிக்கவில்லை?’ என்று யாரும் கேட்காமல் இருப்பதே ஒரு பெரிய ஆறுதல். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு வருஷம் என்பது அதன் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. அதனிடம் போய், ‘இந்த வருஷம் நமக்கு ஒன்றும் இல்லை’ என்று சொல்லும் பொறுப்பு எப்போதும் தாய்மார் தலையில்தான் விழுகிறது.

2023ஆம் வருஷம் பங்குனி மாதத்தில் என் மாமியார் பாளையங்கோட்டையில் காலமானார். அதே வருஷம் என் கணவருக்கு உத்தியோக நிமித்தமாக ஜெர்மனியில் மூன்று மாதம் இருக்க வேண்டி வந்தது. செப்டம்பர் கடைசியில் கிளம்பி டிசம்பர் நடுவில் திரும்ப வேண்டும். பத்து வயதுப் பையன், ஐந்து வயதுப் பெண், அவர்களுடைய பாடப் புத்தகங்கள், ஒரு சிறிய குக்கர், இவற்றோடு புறப்பட்டோம்.

“நல்லதாப் போச்சு. அங்கே நவராத்திரியும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. பிள்ளைகளுக்கு ஏக்கம் இருக்காது” என்றார் அவர். தாயார் போன பிறகு அவர் அதிகம் பேசாதவராகிவிட்டார். ஆகவே, பேசிய அளவில் சந்தோஷப்பட்டுக்கொண்டு நான் பெட்டியைக் கட்டினேன்.

நாங்கள் தங்கியது பான் என்ற ஊரில். ரைன் நதிக்கரையில் உள்ள அமைதியான நகரம். பேத்தோவன் 1770இல் பிறந்தது இங்கேதான். ஜெர்மனி இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தில் மேற்கு ஜெர்மனிக்குத் தலைநகராக இருந்து, பிறகு அந்தப் பெருமையைப் பெர்லினுக்குக் கொடுத்துவிட்டுப் பழையபடி தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பாப்பல்ஸ்டார்ப் என்ற பகுதியில் ஓர் அரண்மனை இருக்கிறது. அதற்குப் போகும் நீண்ட சாலையின் இருபுறமும் செஸ்ட்நட் மரங்கள். அக்டோபரில் அதன் கொட்டைகள் முள் தோலைப் பிளந்துகொண்டு பொத்துப் பொத்தென்று விழும். புதிதாக மெருகேற்றிய மரச் சாமான் மாதிரி ஒரு பளபளப்பு. தின்ன உதவாது. ஆனால் அந்த ஊர்க் குழந்தைகள் அதில் தீக்குச்சிகளைக் குத்திக் குதிரையும் மனிதனும் செய்கிறார்கள். என் குழந்தைகளும் கோட்டுப் பை கிழிகிற மட்டும் பொறுக்கினார்கள். எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஒரு குதிரைப் படையே நின்றது.

அக்டோபர் 29ஆம் தேதி, அந்த நாட்டு வழக்கப்படி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்கள். அன்று முதல் சாயங்காலம் என்பதே இல்லாமல் போயிற்று. ஐந்தரை மணிக்கெல்லாம் நல்ல இருட்டு. இலைகள் மஞ்சளாகிச் சிவந்து உதிர்ந்துவிட்டன. தூறல் விடவே இல்லை. அந்த இருட்டில்தான் அவர்களுடைய விசேஷங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வந்தன.

முதலில் வந்தது நவம்பர் 1. எல்லாப் புனிதர்களுக்கும் உரிய நாள். பான் இருக்கிற மாநிலத்தில் அன்று விடுமுறை. ஜனங்கள் பூந்தொட்டியும் சிறு துடைப்பமுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்களும் பின்னால் நடந்தோம். அவரவர் வீட்டுக் கல்லறையைப் பெருக்கி, இலைகளைத் தள்ளி, சாமந்தி வைத்து, சிவப்புக் கூட்டுக்குள் ஒரு விளக்கை ஏற்றி வைத்தார்கள். பொழுது சாய்ந்ததும் பாப்பல்ஸ்டார்ப் மலைச்சரிவு முழுவதும் சின்னச் சின்னச் சிவப்பு வெளிச்சம்.

“அப்பா, இங்கே இன்னிக்குப் பண்டிகையா?” என்று பையன் கேட்டான்.

“பண்டிகை இல்லை. திதி.”

“ஊருக்கே திதியா?”

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே எங்களை ஊருக்குள் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். பேத்தோவனுடைய தாயார் அடக்கமான இடம் அது. 1787இல், பதினாறு வயதில், வியன்னாவுக்குப் போயிருந்த மகன், தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டு ஓடி வந்தான். அந்த வருஷமே அவள் க்ஷயரோகத்தில் இறந்து போனாள். பின்னாளில் வைத்த கல்லில், அவளைப் பற்றி அவன் எழுதிய கடிதத்தின் வரி ஒன்று பொறித்திருக்கிறது. என் கணவர் அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். நான் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டேன்.

அன்று இரவு நாட்காட்டியைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. நம்முடைய வரிசையும் இதேதான். புரட்டாசியில் மகாளய அமாவாசை. அந்த வருஷம் அக்டோபர் 14. முன்னோர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்ட மறுநாள் நவராத்திரி பிறக்கிறது. அதன் பிறகு தீபாவளி, அதன் பிறகு கார்த்திகை. போனவர்களுக்கு முதல் பந்தி; விளக்கும் பலகாரமும் இரண்டாம் பந்தி. எங்கேயோ குளிர் தேசத்தில் இருப்பவர்களும் இப்படியே இலை போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற உபாத்தியாயினி ஒருவர் தனியாக இருந்தார். நவம்பர் 9ஆம் தேதி அவர் கதவைத் தட்டினார். கையில் இரண்டு வட்டமான பாலாடைக்கட்டி டப்பா, பல வர்ணத்தில் மெல்லிய காகிதம், கம்பி, குச்சி, குச்சியின் நுனியில் மாட்ட ஒரு சின்ன பாட்டரி பல்பு. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். அன்று மாலை குழந்தைகள் எல்லாரும் லாந்தர் பிடித்து ஊர்வலம் போவார்கள். உங்கள் குழந்தைகளும் வர வேண்டும் என்றார்.

மார்ட்டின் ரோமானியப் படையில் குதிரை வீரனாக இருந்தவர். ஆமியான் நகரத்து வாசலில், கடுங்குளிரில், துணியில்லாமல் நடுங்கிய ஒரு பிச்சைக்காரனைக் கண்டு, தம் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார் என்பது கதை. பிறகு துறவியாகி, தூர் நகரத்துப் பிஷப்பாகி, 397இல் காலமானார்.

“ஏன் பாதி? முழுசாக் கொடுக்கக் கூடாதா?” என்றாள் சின்னவள்.

“முழுசாக் கொடுத்தா அவருக்குக் குளிரும்லா?” என்றான் அண்ணன்.

அந்த வருஷம் நவம்பர் 12 தீபாவளி. அதாவது லாந்தர் ஊர்வலம் தீபாவளிக்கு முதல் நாள் இரவு. குழந்தைகள் மேஜையில் இருந்த குதிரைப் படையை ஒதுக்கிவிட்டுக் காகிதம் வெட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஆபீஸிலிருந்து வந்தவர் அதைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “இந்த வருஷம் வேண்டாம்னு சொல்லியிருந்தோமே” என்று மட்டும் சொன்னார். சின்னவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவள் அழவில்லை. “ஆச்சிக்குக் கோவம் வருமாப்பா?” என்று கேட்டாள்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை, அவரிடமும் இல்லை. மறுநாள் அவர் பாளையங்கோட்டைக்குத் தம் அக்காளுடன் பேசினார். என் மதினி நாலு வார்த்தையில் வழக்கைத் தீர்த்து வைக்கிறவர்.

“ஏல, நம்ம வீட்டுல சட்டி வைக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. அடுத்த வீட்டுக்காரி கொண்டாந்து குடுத்தா, வேண்டாம்னு திருப்பி அனுப்பவா சொல்லியிருக்கு? அம்மை இருந்தா பிள்ளை கையிலேருந்து பிடுங்குவாளா?”

அப்போதுதான் எனக்கு என் மாமியார் தீபாவளிக்கு முறுக்குச் சுடும் காட்சி நினைவுக்கு வந்தது. முதல் ஈடு பிள்ளையாருக்கு. இரண்டாவது ஈடு எங்களுக்கு இல்லை. தெருவில் பண்டிகை இல்லாத வீடு எது எது என்று விசாரித்து, தூக்குவாளியில் போட்டு அனுப்பிவிட்டுத்தான் மூன்றாவது ஈட்டைத் தட்டில் கொட்டுவார். செய்யக் கூடாது என்று கதவைச் சாத்திய அதே சம்பிரதாயம், பக்கத்து வீட்டுக்காரர் நுழைவதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. துக்க வீட்டுக் குழந்தை ஊரார் கையால் முறுக்குத் தின்ன வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பானில் எங்களுக்கு ஊரார் என்று இருந்தது அந்தக் கீழ் வீட்டு அம்மாள் ஒருவர்தான். நம்முடைய வழக்கம் ஒன்றும் அறியாமலே அவர் தூக்குவாளியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

11ஆம் தேதி மாலை சிவப்புப் போர்வை போர்த்த ஒருவர் குதிரைமேல் முன்னால் போனார். பின்னால் பாண்டு வாத்தியம். அதன் பின்னால் நூற்றுக்கணக்கான லாந்தர்கள்: சூரியன், நிலா, முள்ளம்பன்றி, மீன், எல்லாம் காகிதத்தில். குழந்தைகள் பாடிக்கொண்டே நடந்தார்கள். என் குழந்தைகள் வார்த்தை தெரியாமல் ராகத்தை மட்டும் பாடினார்கள். என் கணவர் எங்களோடு வரவில்லை. ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோதெல்லாம் இருபது அடி பின்னால், கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

முடிவில் ஒரு திடலில் விறகு அடுக்கித் தீ மூட்டினார்கள். “சொக்கப்பனை!” என்று பையன் கத்தினான். ஆளுக்கு ஒரு ரொட்டி மனிதன் கொடுத்தார்கள். உலர்ந்த திராட்சைக் கண். வாயில் நிஜமான களிமண் சுங்கான். சின்னவள் தலைப்பக்கம் வேண்டுமென்று ஒடித்து, கால்பக்கத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆறு மாதமாக இனிப்பைத் தொடாதவர் அதை வாங்கித் தின்றார். திரும்பும் வழியில் அவள் தூங்கிப் போனாள். அவர் ஒரு தோளில் அவளைப் போட்டுக்கொண்டு, மறு கையில் அவளுடைய மஞ்சள் நிலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒரு கிழவர் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். இவரும் லாந்தரை உயர்த்திப் பதில் சொன்னார்.

மறுநாள் தீபாவளி. எண்ணெய் ஸ்நானம் இல்லை, புதுத் துணி இல்லை. பட்டாசு அந்த நாட்டில் டிசம்பர் கடைசி நாட்களில்தான் கடைக்கு வரும். மாதா கோயில் மணியோசை மட்டும் கேட்டது. ஊருக்குப் பேசினோம். அங்கே மதியம் நெருங்கியிருந்தது. பேச்சுக்கு நடுவே தெருவில் வெடிக்கிற சத்தம். “எட்டு வீட்டிலிருந்து வந்திருக்கு. அதிரசத்தை யாரு தின்ன?” என்று மதினி அலுத்துக்கொண்டார்.

நவம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் தீபம். அதே ஞாயிறு ஜெர்மனியில் இறந்தோரை நினைக்கும் ஞாயிறு. பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் 1816இல் ஏற்படுத்தியது. அன்று சாயங்காலம் அவர் சிவப்புக் கூட்டு விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். முதல் நாளே மளிகைக் கடையில் வாங்கி வைத்திருந்தாராம். ‘இது கல்லறை விளக்கு அல்லவா?’ என்று நான் கேட்கவில்லை. அகல் கிடைக்காத ஊரில் அது அகலாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

டிசம்பர் பிறந்ததும் கீழ் வீட்டு மேஜையில் பசும் தழை வளையம் வந்தது. நடுவில் நாலு மெழுகுவர்த்தி. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாலு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். இதை முதலில் செய்தவர் ஹாம்பர்க் நகரத்தில் ஏழைக் குழந்தைகளை வைத்துக் காப்பாற்றிய விஹெர்ன் என்ற பாதிரியார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அந்தக் குழந்தைகள் தினமும் கேட்டதால், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றிக் காட்டினாராம். இந்த விவரத்தைக் கேட்டது முதல் என் பையனுக்கு அந்த வளையத்தின் மேலேயே கண்.

16ஆம் தேதி நாங்கள் விடைபெறப் போனபோது இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்து குட்டையாகியிருந்தன. இரண்டு புதிதாக நின்றன. ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் பையன் தகப்பனாரிடம் கேட்டான்.

“அப்பா, ஆச்சி வருஷம் முடியறதுக்கு வாரத்துக்கு ஒண்ணுன்னா எத்தனை மெழுகுவத்தி?”

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் கணுக்களில் எண்ணினார்.

“பதினாறு.”

“நிறைய இருக்கே.”

“இருக்குதான்” என்றார் அவர். “முதல்ல முப்பத்தாறு முடிஞ்சிருக்கு, அதையும் சேர்த்து எண்ணு.”