ஆறு மாதம் லீவு எடுக்கும் தீவு! - அந்தமான் ஜாலிபாய்க்கு ஒரு நாள் பயணம்

அந்தமானுக்கு டூர் போகிறவர்களின் லிஸ்ட்டில் செல்லுலார் ஜெயிலும் ஹேவ்லாக் தீவும் கண்டிப்பாக இருக்கும். அதற்கடுத்து, "ஜாலிபாய் போறதா, ரெட்ஸ்கின் போறதா?" என்று வீட்டில் ஒரு விவாதம் நடக்கும். விவாதமே தேவையில்லை. அதை முடிவு செய்வது காலண்டர்தான்!

இரண்டு தீவுகளும் மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. 1983-ல் அறிவிக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 281 சதுர கிலோமீட்டர். 15 தீவுகள் இருந்தாலும் பெரும்பகுதி கடல்தான். சுற்றுலாப் பயணிகள் வழக்கமாக இறங்குவது இந்த இரண்டு தீவுகளில் மட்டுமே, அதுவும் முறைவைத்து. ஏறக்குறைய நவம்பர் முதல் மே வரை ஜாலிபாய், மழைக்காலத்தில் ரெட்ஸ்கின். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது ஓய்வில் இருக்கும்.

முறுக்குக்குப் புது வீடு

போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 30 கிலோமீட்டரில் வண்டூர். அங்கிருந்துதான் படகு. ஏறுவதற்கு முன் பையைத் திறந்து பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் கவர், சிப்ஸ் பாக்கெட் எதுவும் தீவுக்குப் போகக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு டெபாசிட் வாங்கும் வழக்கமும் உண்டு. பாட்டிலைத் திருப்பிக் காட்டினால் பணம் வாபஸ்.

எனக்கு முன்னால் நின்ற மதுரை அம்மா ஒருவர், கவரில் இருந்த முறுக்கையெல்லாம் நிதானமாக எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினார். "டப்பா இல்லாம நான் எந்த ஊருக்கும் கிளம்பினதில்ல தம்பி" என்றார். பின்னால் நின்ற கல்லூரிப் பையன்கள் தங்கள் சிப்ஸை அங்கேயே அவசர அவசரமாகச் சாப்பிட்டு முடித்தார்கள்.

வண்டூர் கடற்கரையில் பட்டுப்போன பெரிய மரங்களைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் தெற்கு அந்தமானின் நிலம் தாழ்ந்து, கடல் உள்ளே வந்துவிட்டது. உப்புத் தண்ணீரில் நின்ற மரங்கள் பிழைக்கவில்லை. பக்கத்திலேயே முதலை எச்சரிக்கைப் பலகை. அலையாத்திக் காடுகளை ஒட்டிய இந்தக் கடலில் உப்புநீர் முதலைகள் உண்டு. அனுமதித்த இடத்தைத் தவிர வேறெங்கும் தண்ணீரில் இறங்கவே கூடாது.

கண்ணாடிக்குக் கீழே ஒரு ஊர்

படகு அலையாத்திக் காடுகளையும் குட்டிக் குட்டித் தீவுகளையும் தாண்டி சுமார் ஒரு மணி நேரம் போகிறது. மேலே வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு வட்டமடித்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஜாலிபாயில் ஜெட்டி கிடையாது. அடியில் கண்ணாடி பதித்த சின்னப் படகுக்கு மாறித்தான் கரைக்குப் போக வேண்டும். நிஜமான டூர் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மான்கொம்பு மாதிரி கிளைவிட்ட பவளங்கள், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக உருண்டைப் பவளங்கள், வாயைத் திறந்து வைத்திருக்கும் ராட்சதச் சிப்பி, கடல் சாமந்திக்குள் ஒளிந்து விளையாடும் 'நீமோ' மீன்கள். குழந்தைகளுக்குப் பிடித்தது கிளிமீன். கிளி மூக்கு போன்ற வாயால் பவளப்பாறையைச் சுரண்டிப் பாசியைத் தின்னும். கூடவே வயிற்றுக்குள் போன சுண்ணாம்பை அரைத்து வெள்ளை மணலாக வெளியே தள்ளும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலைத் தரும். ஆமாம், நாம் படுத்து போட்டோ எடுக்கும் வெள்ளை மணலில் கிளிமீன் கழிவும் கலந்திருக்கிறது!

எதற்கு இந்த லீவு?

பவளம் கல் இல்லை, உயிர். உருண்டைப் பவளங்கள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். அதன்மேல் ஒருவர் ஏறி நின்று உடைத்துவிட்டால், பல வருட வளர்ச்சி ஒரு நொடியில் போய்விடும்.

இன்னொரு பெரிய ஆபத்து, வெப்பம். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள்தான் அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் பவளம் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் செத்தும் போகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் பவளங்கள் இப்படி வெளுத்தன.

தீவுக்கு லீவு விடலாம், கடல் சூட்டுக்கு விட முடியாதே? முடியாதுதான். ஆனால், செத்த பவளத்தின் மேல்தான் புதிய குஞ்சுப் பவளங்கள் வந்து ஒட்டுகின்றன. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு அவை. வெறும் பாறைதானே என்று நாம் மிதிப்பது ஒரு தொட்டிலாக இருக்கலாம். ஆறு மாதம் கால்களும் நங்கூரங்களும் வராமல் இருந்தால், அவை பிழைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். வெப்பத்திலிருந்து காப்பாற்ற முடியாவிட்டாலும், நம்மிடமிருந்தாவது காப்பாற்றலாம் இல்லையா?

கிளம்பும் முன்...

* வனத்துறை அனுமதி கட்டாயம். அடையாள அட்டையோடு முதல் நாளே வாங்கிவிடுவது நல்லது. வழக்கமாகத் திங்கள்கிழமை விடுமுறை.

* தீவில் கடையோ ஹோட்டலோ கிடையாது. சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போங்கள்.

* ஸ்நார்க்கெலிங் செய்யும்போது களைப்பாக இருந்தால் மிதந்து ஓய்வெடுங்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள்.

* சன்ஸ்கிரீனுக்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம். சில சன்ஸ்கிரீன்களில் உள்ள ரசாயனங்கள் பவளத்துக்கு ஆகாது.

* உடைந்த பவளத் துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏர்போர்ட்டிலும் சோதனை உண்டு.

ஆகஸ்ட்டில் அந்தமான் போகிறவர்கள் ஜாலிபாயைப் பார்க்க முடியவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நீங்கள் ரெட்ஸ்கின்னில் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆளில்லாத ஜாலிபாயின் அடியில் ஒரு குஞ்சுப் பவளம் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும்!