அருகிலிருக்கும் அறியாத நாடு

காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், பெங்களூரிலிருந்து சென்னைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. இரவும் பகலும் வாகனங்கள் விரைந்த வண்ணம் உள்ளன. நின்று பார்ப்போர் அரிது. ஓசூரில் எம்மிடம் ஓத வரும் பிள்ளைகளில் பலர், தொழிற்சாலை வேலைக்காகப் பல மாவட்டங்களிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். விடுமுறை வந்தால் ஊட்டிக்கும் மைசூருக்கும் செல்கின்றனர். தாம் குடியிருக்கும் மண்ணை மட்டும் அறியார்.

இம்மண்ணோ எளிதானதன்று. பழங்கல்வெட்டுகள் 'புறமலை நாடு' எனக் குறிக்கும் நிலப்பகுதி இது. பிற்காலத்தில் 'பாராமகால்' என்று பெயர் பெற்றது. 1791ஆம் ஆண்டு நவம்பரில் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கி, கைப்பற்ற இயலாது திரும்பியது. மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வாயிலாகவே திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. இம்மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என ஆய்வு முடிவு வெளியானது 2022ஆம் ஆண்டில்.

"பூமியில் சுற்றி வந்து, முன் சென்றோரின் நிலையைச் சிந்தியுங்கள் என்று திருமறை பன்முறை அறிவுறுத்துகிறதே, அதற்குக் கப்பலும் விமானமும் ஏற வேண்டுமா?" என்று ஒரு நாள் பாடத்திடையே கேட்டேன். அடுத்த விடுமுறையில் பன்னிரண்டு மாணவர்களுடன் மல்லச்சந்திரம் சென்றோம். அங்கே பாறைக் குன்றின் மீது பெருங்கற்காலத்துக் கற்திட்டைகள் உள்ளன. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு பெருங்கல்லை மூடியாக வைத்த ஈமச் சின்னங்கள் அவை. ஒரு பக்கக் கல்லில் வட்டமான துளை ஒன்று இருக்கும்.

வழிகாட்டியாக அவ்வூர் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரை அமர்த்தினோம். அவருக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தெரியும். ஒரு நாள் வேலையை விட்டு வருபவராதலால் அந்நாளைய கூலியைப் புறப்படும் முன்பே பேசி முடித்தோம். மதிய உணவையும் அவர் வீட்டிலேயே விலை கொடுத்துச் சமைக்கச் சொன்னோம். களியும் கீரைக் குழம்பும் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப் போயின.

குன்றின் மேல் ஒரு சிறுவன் மூடுகல்லில் ஏறி அமரப் போனான். பெரியவர் அவன் கையைப் பற்றி, "இறங்கு தம்பி, இது ஒருத்தரை அடக்கம் பண்ணின இடம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "புதையல் இருக்குன்னு ராவோட ராவா வந்து பெயர்க்கிறாங்க பாய். நான் சின்னப் பிள்ளையில பார்த்ததுல பாதி இப்ப இல்லை" என்றார். சாய்ந்து கிடந்த பலகைகளையும், உடைந்த மூடுகற்களையும் காட்டினார்.

கப்ரின் மீது அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதைப் பிள்ளைகளுக்கு நான் பலமுறை பாடமாகச் சொல்லியிருக்கிறேன். அன்று, பெயரும் மொழியும் அறியாத மனிதரின் அடக்கத்தலத்தின் முன் அந்தப் பாடம் அவர்களுக்கு உயிர் பெற்றது. எவரும் கல்லில் பெயர் கிறுக்கவில்லை. பானை ஓடு ஒன்றைக் கையில் எடுத்த மாணவன், தானாகவே அதை இருந்த இடத்தில் வைத்தான். கொண்டு சென்ற நெகிழிப் பைகள் அனைத்தும் எங்களுடனேயே திரும்பின.

கோட்டைக்கும் தொல்லியல் சின்னத்திற்கும் காவலர் ஒருவரை அரசு நியமிக்கலாம். ஆயினும் நாள்தோறும் அவ்வழியே ஆடு ஓட்டிச் செல்பவரே அவற்றின் மெய்யான காவலர். வருகின்ற விருந்தினரால் அவர் வீட்டு அடுப்பு எரியுமானால், அக்கற்களைப் புதையலுக்காகப் பெயர்க்க அவர் ஊரார் யாரையும் அனுமதியார். வருபவர் அவரை மதியாது குப்பையை மட்டும் விட்டுச் செல்வாராயின், அந்தக் குன்றால் அவ்வூருக்கு ஆவதென்ன?

அன்புச் சகோதர சகோதரிகளே! அடுத்த விடுமுறையில் பிள்ளைகளைத் தொலைதூரம் அழைத்துச் செல்லுமுன், உங்கள் ஊரிலிருந்து பத்துக் கல் தொலைவில் என்ன இருக்கிறது என்று அங்குள்ள ஒரு பெரியவரிடம் கேளுங்கள். அவர் காட்டும் வழியில் அவருக்குப் பின்னால் நடந்து செல்லுங்கள். நாளை அவரும் இல்லாமற் போனால், எஞ்சிய கற்களுக்கு வழி சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.